முன்னால் நிற்கும் ஆள்

இன்றைக்கு முன்னால் போய் நிற்கப் போவதில்லை, நிற்கவே போவதில்லை, எல்லாரையும் போலச் சுவரோரமாக நின்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்று கிண்டியில் ரயிலைவிட்டு இறங்கியதிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். சொல்லச் சொல்ல நம்பிக்கை குறைகிறது. வரிசை நகரவில்லை. தொழிற்பேட்டைக்குள் ஒரு பழைய அச்சகத்தைக் காலிசெய்து ஹாலாக்கி இருக்கிறார்கள், ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கிறார்கள், உள்ளே சவுண்ட் செக் நடக்கிறது. டம், டம், டம். டிரம்மர் ஷபீர்தான், கால் டிரம்மை மட்டும் தனியாக அடித்துக் காட்டுகிறான். அவன் அடி எனக்குத் தெரியும், மூன்றாவது அடியில் கொஞ்சம் அவசரம் இருக்கும். வலது காதில் நன்றாகக் கேட்கிறது. இடது காதில், வேண்டாம், இப்போது சோதித்துப் பார்க்காதே, டாக்டர் என்ன சொன்னார், சும்மா சும்மா சோதிச்சுப் பாத்துட்டே இருந்தா பைத்தியம் புடிச்சுரும்மா என்று சொன்னாரா இல்லையா, ஆனால் கை அதற்குள் காதோரம் போய்விட்டது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்க்கிறேன். வலது பக்கம் சரசரவென்று கேட்கிறது. இடது பக்கம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது, குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அது இருக்கிறது, ஒரு வாரமாக இருக்கிறது, விசில் மட்டும் வரமாட்டேன் என்கிறது. பின்னால் நிற்கும் பெண் இடது பக்கமாக எட்டி ஏதோ கேட்டாள். நான் சிரித்துத் தலையாட்டினேன். அவள் முகம் சுருங்கியது. தலையாட்டி முடிக்கிற கேள்வி இல்லை போலிருக்கிறது. ஃபோனை எடுத்துப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

போன வாரம் ஒருநாள் காலையில் எழுந்தபோதே அடைத்திருந்தது. தண்ணீர் போயிருக்கும் என்று பாத்ரூமில் ஒற்றைக் காலில் குதித்தேன், அண்ணி வெளியிலிருந்து என்ன ஸ்டெல்லா, உள்ள கபடி ஆடுறியா என்று கேட்டது வலது காதில் விழுந்தது. அண்ணியிடம் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அண்ணி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், அந்த ஸ்பீக்கர் பொட்டி பக்கத்துல போய் நிக்காத, காது போயிரும், போயிரும், அப்புறம் யாரு பாத்துக்குவா என்று. இப்போது போய் நின்று, ஆமாம் அண்ணி, போய்விட்டது என்று சொல்லவா? அவள் ஒன்றும் கெட்டவள் இல்லை, சொன்னால் அழுவாள், பெரம்பூர் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றுவாள், அதற்கப்புறம் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் நான் அப்பவே சொன்னேன் என்பாள். காது போனதைவிட அதுதான் எனக்குப் பயம் என்று சொன்னால் பொய். காது போனதுதான் பயம். டாக்டர் சத்தத்தால் வந்தது என்று சொல்லவும் இல்லை, வைரஸா இருக்கலாம், ரத்த ஓட்டமா இருக்கலாம், பல பேருக்குக் காரணமே தெரியறதில்ல என்றார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, பீப் கேட்டா பட்டனை அழுத்துங்க என்றார்கள். நான் கேட்காமலேயே அழுத்தினேன். பரீட்சையில் பாஸாகிவிட்டால் காதும் சரியாகிவிடும் என்பதுபோல அழுத்திக்கொண்டே இருந்தேன். டெஸ்ட் எடுத்த பெண் கதவைத் திறந்து, மேடம், சத்தம் குடுக்காதப்பவும் அழுத்துறீங்க என்றாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். வரலாம், வராமலும் போகலாம், ரெண்டு வாரம் பொறுத்துப் பாப்போம், அதுவரைக்கும் பெரிய சத்தம் பக்கமே போகாதீங்க, இருக்கறதும் போயிரும் என்றார். சரி டாக்டர் என்றேன். இன்றைக்குப் பாடப்போகும் மாறன் குரல் பதிவு அனுப்பியது அன்றைக்குச் சாயங்காலம்தான்.

அக்கா, வந்துருங்க அக்கா. மொதல்ல எங்க செட்டு. கூட்டம் பூரா பின்னாடி வர்ற பெரிய பேண்டுக்கு வர்ற கூட்டம், எங்கள யாருக்கும் தெரியாது. நீங்க முன்னாடி நின்னா போதும், எனக்குக் கை நடுங்காது. அதை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை, வலது காதில் வைத்துத்தான். அந்தக் கடைசி வரிக்காகக் கேட்டேன், ஒளிப்பானேன். முப்பத்தெட்டு வயதில், கூரியர் கம்பெனியில் என் பார்சல் எங்கே என்று கத்துகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் ஒருத்தியிடம், நீ நின்றால் என் கை நடுங்காது என்று வேறு யார் சொல்லப்போகிறார்கள்? ஆபீசில் ஹெட்செட்டை வலது காதுக்கு மாற்றிவிட்டேன். வித்யா இடது பக்கம் உட்காருகிறாள், பேசிக்கொண்டே இருப்பாள், நானும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன். அப்படித் தலையாட்டித்தான் தீபாவளிக்கு அவளுக்குப் பதிலாக நான் வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், நேற்று அவள் நன்றி சொல்லி மைசூர்பாகு கொடுத்தபோதுதான் தெரிந்தது. இன்னும் எதற்கெல்லாம் தலையாட்டி வைத்திருக்கிறேனோ தெரியாது.

ஷட்டர் ஏறுகிறது. கையில் முத்திரை குத்துகிறார்கள். உள்ளே இன்னும் அச்சு மை வாசம் போகவில்லை. நான் நேராக மேடைக்கு எதிர்ப்பக்கம், கதவை ஒட்டிய சுவரோரம் போய், இடது காது சுவரைப் பார்க்கும்படி கோணலாக நின்றுகொண்டேன். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண் தானாகப் போகிறது. மேடைக்கு இடப்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதுதான் என் இடம், அஷ்ரஃபின் கிதார் அந்தப் பக்கம்தான் வரும், அவன் தந்தியில் விரல் இழுபடும் கீச்சுகூட அங்கே நின்றால் கேட்கும். வருஷக்கணக்காக அதே பக்கம் நின்றால் எந்தக் காது போகும்? இதைக் கணக்குப் போட டாக்டர் எதற்கு? பையிலிருந்து பஞ்சு அடைப்பானை எடுத்து உருட்டி இரண்டு காதிலும் வைத்தேன். வெளிச்சத்தம் குறைந்ததும் உள்ளே இருக்கும் சீறல் பெரிதாகிவிட்டது. மண்டைக்குள் அது மட்டும்தான் இருக்கிறது. எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். பக்கத்தில் நின்ற பையன் என்னையும் என் சட்டையையும் பார்த்தான். சட்டையில் ஈரச்சாக்கு என்று எழுதியிருக்கும். யார் ஈரச்சாக்கு என்று அவனுக்குத் தெரியாது, இப்போது யாருக்குமே தெரியாது, அருமையான பேண்டு, பாடகன் கனடா போய்விட்டான், டிரம்மர் வங்கித் தேர்வு எழுதிப் பாஸாகிவிட்டான், சட்டை மட்டும் என்னிடம் இருக்கிறது. என் அலமாரியைத் திறந்தால் அப்படிக் கலைந்துபோன பேண்டுகளாகத்தான் மடித்து வைத்திருக்கும். பெரிய பேண்டுகள் பிடிக்காது என்றில்லை. அவர்களுக்குப் பாட்டு எப்படி முடியும் என்று தெரியும், எனக்கும் தெரியும், வீட்டுக்கு வந்து தூங்கிவிடுவேன். புதுசுகளுக்குத் தெரியாது. அடுத்த வரி வருமா, டிரம்மரும் கிதாரும் அந்தத் திருப்பத்தில் ஒன்றாகத் திரும்புவார்களா, மோதிக்கொண்டு விழுவார்களா? ஒன்றாகத் திரும்பிவிட்டால், ஐயோ, அந்த ஒரு கணத்துக்காக நான் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோவில் இடிபட்டுப் போயிருக்கிறேன்.

அந்த வெற்றிடம் விழுந்துவிட்டது. எப்போதும் விழும். தெரியாத பேண்டு முதலில் வாசித்தால் யாரும் கிட்டே போகமாட்டார்கள், மேடைக்கு முன்னால் ஒரு அரைவட்டத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டுச் சுவரோரம் கைகட்டி நிற்பார்கள், முதல்பந்தியில் உட்காரக் கூச்சப்படுவதுபோல. மேடையில் நிற்கிறவன் அந்தக் காலித் தரையைப் பார்த்துத்தான் பாட வேண்டும். அதைத் தாண்டிக் கூட்டம் இருந்தும் புண்ணியமில்லை. நல்ல பேண்டுகள் அந்தத் தரையைப் பார்த்தே கலைந்துபோனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். யாராவது ஒரு ஆள் அதற்குள் காலை வைத்துவிட்டால் போதும், பின்னாலேயே இரண்டு பேர் வருவார்கள், அப்புறம் பத்துப் பேர், அப்புறம் தரை தெரியாது. அந்த முதல் ஆள் நான். ஆழ்வார்பேட்டையில் ஒரு காபிக்கடை மொட்டைமாடியில் இவர்களை முதலில் பார்த்தபோதும் அப்படித்தான், நாலாவது மாடி என்று பேர் வைத்திருந்தார்கள், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தில் நாலாவது மாடியில் பயிற்சி செய்வார்களாம், டிரம்மைத் தூக்கி ஏறி ஏறி வெறுத்துப்போய் வைத்த பேர். கேட்க ஆளில்லை, ஷபீரின் சித்தப்பா பிள்ளைகளும் கடைப் பையன்களும்தான். தண்ணி லாரிக்குக் காத்திருப்பதைப் பற்றி ஒரு பாட்டு, லாரி வரும், லாரி வரும், குடத்தை மட்டும் வை என்று மாறன் அடித்தொண்டையில் ஆரம்பித்தான், எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது, நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு நேராக நடுவில் போய் நின்றேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அதிலிருந்து ஒன்றையும் தவறவிட்டதில்லை, திருச்சி தவிர. திருச்சிக்கு லீவு கிடைக்கவில்லை.

விளக்கு அணைகிறது. நாலு பேரும் வருகிறார்கள். மாறன் மெலிந்திருக்கிறான். மைக்கை ரொம்பக் கிட்டே பிடிக்கிறான், கீய் என்று ஊளையிடுகிறது, கூட்டத்தில் பாதிப்பேர் காதைப் பொத்துகிறார்கள், எனக்குப் பஞ்சையும் தாண்டி முதுகுத்தண்டு வரை கூசுகிறது. வணக்கம், நாங்க நாலாவது மாடி என்கிறான். யாரும் கைதட்டவில்லை, நான் தட்டுகிறேன், கதவோரத்திலிருந்து தட்டினால் யாருக்குக் கேட்கும்? முதல் பாட்டு. அரைவட்டம் காலியாகவே இருக்கிறது. பக்கத்துப் பையன் ஃபோனில் கிரிக்கெட் பார்க்கிறான். பின்னாலிருந்து எவனோ பெரிய பேண்டின் பெயரைச் சொல்லிக் கத்துகிறான், கூட வந்தவர்கள் சிரிக்கிறார்கள், நாசமாய்ப் போக. மாறன் முதல் வரியிலேயே சுருதி இறங்குகிறான். அவன் தலை இடப்பக்கம் திரும்புகிறது, அந்தப் பெட்டி அடுக்கின் முன்னால், என் இடத்தில் தேடுகிறான். அங்கே சிமெண்டுத் தரையில் ஊதா வெளிச்சம் மட்டும் விழுந்து கிடக்கிறது. ஒரு பாட்டு நின்றால் என்ன ஆகிவிடும்? ஒரே ஒரு பாட்டு. இருக்கறதும் போயிரும். வலது காதும் போனால் ஆபீஸ் போச்சு, பாட்டு போச்சு, அண்ணியின் நான் அப்பவே சொன்னேன் கூடக் கேட்காது. ஆனால் இந்தப் பையன் இன்றைக்கு உடைந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டான், எனக்குத் தெரியும், ஈரச்சாக்கு இப்படித்தான் போயிற்று. ஒரு காது ஏற்கெனவே போனதுதானே. போனது இன்னொரு தடவையா போகப்போகிறது? கால் நகர்ந்துவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகிறேன், முதுகுகள், பைகள், யாரோ மிதிக்கிறார்கள், பிறகு திடீரென்று முதுகுகள் இல்லை, காலித் தரை. ஒரு எட்டு வைத்தேன். அப்போது ஷபீர் இரண்டு சிம்பல் தட்டையும் சேர்த்து அடித்தான். காதுக்குள் யாரோ விரலை விட்டு அழுத்தியதுபோல் இருந்தது, சத்தமாகக்கூட இல்லை, வெறும் அழுத்தம், தரை இடப்பக்கமாகச் சரிந்தது, மேடை சரிந்தது, மாறன் சரிந்தான். சீறல் சட்டென்று வேறு சுருதிக்கு ஏறியது. போயிற்று, அவ்வளவுதான், மிச்சமும் போயிற்று. நான் திரும்பினேன். திரும்பி, முழுக் கூட்டமும் பார்க்க, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அரைவட்டத்திலிருந்து ஓடினேன். ஓடும்போதே தெரிகிறது, இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை, முன்னால் வந்து நின்றுவிட்டு முதல் பாட்டிலேயே காதைப் பொத்திக்கொண்டு வெளியே போகிறவளைப் பார்த்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? வராமலே இருந்திருக்கலாம். வராமல் இருந்திருந்தால் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று நினைத்திருப்பான். இப்போது கண்ணால் பார்த்துவிட்டான்.

ஷட்டருக்கு வெளியே இன்னும் வெயில் மிச்சமிருந்தது. சரக்கு ஏற்றும் சிமெண்டு மேடையில் உட்கார்ந்தேன். பஞ்சைப் பிடுங்கிவிட்டு விரலைத் தேய்த்தேன். வலது பக்கம் சரசர, இருக்கிறது, கடவுளே, இருக்கிறது. மறுபடியும் தேய்த்தேன். இருக்கிறது. தலைசுற்றல் மெதுவாக அடங்கியது, வெட்கம் அடங்கவில்லை. எதிரே ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார், வியாசர்பாடி ரஞ்சிதம்மா, மாறனின் அம்மா. எல்லாக் கச்சேரிக்கும் வருவார், உள்ளே மட்டும் வரமாட்டார், மகன் எங்கேயாவது தடுமாறிவிடுவானோ என்ற பயத்தில் வெளியிலேயே நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருப்பார்.

"இன்னாம்மா, வெளிய வந்துட்ட? நல்லா பாடலையா?"

"இல்லம்மா, நல்லாப் பாடுறான். எனக்குத்தான் தலை சுத்திருச்சு. அவன் பாத்துட்டான். பாதியிலயே போயிட்டேன்னு நினைச்சிருப்பான்."

"யாரு, அவனா?" ரஞ்சிதம்மா இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே சோடாபுட்டி மாதிரி தடித்த மூக்குக்கண்ணாடி. "இது இங்க கீது. அவன் எங்கருந்து பாக்கறது? வேர்வையில வழுக்குதுன்னு மேடை ஏறசொல்ல என் கையில குடுத்துட்டுதான் ஏறுவான். அவனுக்கு எதிர்ல யானை நின்னாலும் தெரியாது. எதுனா மங்கலா நிக்கணும், அவ்ளோதான். யாரு நின்னாலும் ஸ்டெல்லா அக்கா வந்துட்டாங்கம்பான். திருச்சியிலகூட, அக்கா மொதல்லயே வந்து நின்னாங்கம்மான்னு அப்டி ஒரு சந்தோசம். நீ திருச்சிக்கு வந்திருந்தல்ல?"

நான் திருச்சிக்குப் போகவில்லை. திருச்சியில் யார் நின்றார்கள்? எவளோ, எவனோ, ஒரு தூணாகக்கூட இருக்கலாம். என்னைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பெல்லாம் ஒரு மங்கலான நிழலைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. நான் அதை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன். ஆத்திரம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, வயிறு குலுங்கிக் குலுங்கி, நடுவில் எங்கேயோ அழுகையும் கலந்துவிட்டது, ரஞ்சிதம்மா புரியாமல் என் முதுகைத் தடவினார். உள்ளே இரண்டாவது பாட்டு தொடங்கியது. எழுந்து ஷட்டர் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அரைவட்டத்துக்குள், அந்தப் பெட்டி அடுக்கின் முன்னால், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, தொந்தியும் தொப்பியுமாக ஒருவர் போய் நின்று, தாளம் தப்பித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் என்னிடம் ஏதோ கேட்டாளே, அந்தப் பெண். அவளுக்குப் பின்னால் மூன்று பேர், கிரிக்கெட் பையனும்கூட. மாறன் இடப்பக்கம் திரும்பினான், என் இடத்தில் நிற்கும் தொப்பியைப் பார்த்து, எனக்குச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான், குரல் ஏறியது. அந்தத் திருப்பம் வந்தது. ஒன்றாகத் திரும்பினார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, எது அதிகம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ரஞ்சிதம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், இடது பக்கம். கண்ணாடியைக் கைக்குட்டையில் திரும்பச் சுற்றிக்கொண்டே ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. உள்ளே பாட்டு, வெளியே லாரி, நடுவில் அந்தச் சீறல். நான் சிரித்துத் தலையாட்டினேன், ஒரு வாரமாக எல்லாருக்கும் ஆட்டுவதுபோல. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொன்னார், மகன் விஷயமாக இருக்குமோ, என்னைப் பற்றி இருக்குமோ, ஏதோ முக்கியமாகக் கேட்கிறார், எனக்குத்தான் விழவில்லை, இனிமேல் என்னென்ன விழாமல் போகுமோ. மறுபடி சிரிக்க வாய் கோணியது. சிரிக்க முடியவில்லை.

"அம்மா," என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் உரக்க வந்தது. "எனக்கு இந்தக் காது கேக்கலம்மா. ஒரு வாரமா கேக்கல. திரும்ப வருமா வராதான்னு டாக்டருக்கே தெரியல. வீட்டுல யாருக்கும் சொல்லல. எனக்குப் பயமா இருக்கும்மா."

ரஞ்சிதம்மா ஐயோ என்று கன்னத்தில் கைவைக்கவில்லை. கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, முட்டியைப் பிடித்து எழுந்து, என்னைச் சுற்றி வந்து, வலது பக்கம் உட்கார்ந்தார். என் காதுக்குக் கிட்டே குனிந்தார்.

"சாப்ட்டியாம்மான்னு கேட்டேன்."

"இல்லம்மா," என்றேன்.